மட்டையைத் தூக்கும் முன் படிவத்தை நிரப்புவோம்

சாஃப்ட்பால் பருவம் எப்போது தொடங்குகிறது என்று கேட்டால், முதல் ஆட்டம் நடக்கும் நாளைத்தான் பலரும் சொல்வார்கள். குழுவை நடத்திப் பார்த்தவர்களின் கணக்கு வேறு. பதிவுப் படிவம் பள்ளிக்கு வந்து சேரும் நாளிலேயே அவர்களுக்குப் பருவம் தொடங்கிவிடுகிறது.

நான் பினாங்கில் பயிலும் இரண்டாம் ஆண்டுப் பல்கலைக்கழக மாணவி. ஜார்ஜ்டவுனில் நான் படித்த இடைநிலைப்பள்ளியின் குழுவில் இரண்டாம் தளத்தைக் காத்தவள். இப்போது வார இறுதிகளில் அங்குள்ள 15 வயதுக்குட்பட்ட, 18 வயதுக்குட்பட்ட பெண்கள் குழுக்களுக்குக் கைகொடுத்து வருகிறேன். பயிற்சி தருவது சிக்குவின் பொறுப்பு. பந்து பொறுக்குவதும், தண்ணீர்த் தோம்பு நிரப்புவதும், படிவங்களைத் திரட்டுவதும் என் பொறுப்பு. இவற்றில் கடினமானது எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன், படிவம்தான்.

ஒரு தாள், அதில் சில கட்டங்கள், இதில் என்ன இருக்கிறது என்று நானும் முன்பு நினைத்ததுண்டு. ஆனால் யார் ஆடலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்தக் கட்டங்கள்தாம். எவ்வளவு வேகமாகப் பந்து வீசினாலும், பட்டியலில் பெயர் இல்லாதவர் திடலில் கால் வைக்க முடியாது.

ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம்

சாஃப்ட்பால் 1887-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஒரு படகு மன்றத்தின் கூடத்திற்குள் பிறந்த ஆட்டம். பேஸ்பாலின் தங்கை என்று சொல்லலாம். களத்தில் ஒரு தரப்புக்கு ஒன்பது பேர், ஓர் ஆட்டத்துக்கு ஏழு இன்னிங்ஸ். தளத்துக்கும் தளத்துக்கும் இடையே 18.29 மீட்டர். பெண்கள் ஆட்டத்தில் பந்து வீசுபவர் 13.11 மீட்டர் தூரத்திலிருந்து கையைக் கீழ்வழியாகச் சுழற்றி வீச வேண்டும். பந்தின் சுற்றளவு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். பெயரில்தான் மென்மை, கையுறை இல்லாமல் ஒரு முறை பிடித்துப் பாருங்கள், தெரியும்.

ஒலிம்பிக்கில் 1996 அட்லாண்டாவில் அறிமுகமான இந்த ஆட்டம், 2008 பெய்ஜிங்கிற்குப் பிறகு நீக்கப்பட்டது. தோக்கியோவில் ஒரு முறை திரும்பி வந்து, பாரிஸில் மீண்டும் காணாமல் போனது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் மறுபடியும் இடம்பெறுகிறது. சாஃப்ட்பால் ஆட்டங்கள் லாஸ் ஏஞ்சலஸில் நடைபெறாமல் ஓக்லஹோமா சிட்டியில் நடக்கவுள்ளன.

நம் நாட்டில் இது பெரும்பாலும் பள்ளித் திடலில் வளரும் ஆட்டம். பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாக ஏற வேண்டும். பினாங்கில் தீவில் இரண்டு, பெருநிலத்தில் மூன்று என ஐந்து மாவட்டங்கள். மாவட்டத்தில் தேறியவர்கள் மாநிலப் பள்ளிகள் விளையாட்டு மன்றமான எம்எஸ்எஸ்பிபி போட்டிக்கும், அங்கிருந்து தெரிவு பெறுபவர்கள் தேசிய அளவிலான எம்எஸ்எஸ்எம் போட்டிக்கும் செல்வார்கள். ஒவ்வொரு படியிலும் பெயர்ப் பட்டியல் ஒன்று கூடவே போகிறது.

பெயர் என்னும் முதல் கட்டம்

படிவத்தின் முதல் கட்டம் பெயர். எங்கள் குழுவில் மலாய், சீன, இந்திய மாணவியர் கலந்திருக்கிறார்கள். அதனால் ஒரே தாளில் மூன்று விதமான பெயர்களைப் பார்க்கலாம். தந்தை பெயருக்கு முன் 'பிந்தி' வரும் பெயர், குடும்பப் பெயர் முதலில் வரும் பெயர், 'ஏ/பி' வரும் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இல்லை. வெளிநாட்டுப் போட்டிகளின் படிவங்களில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே அப்பாவின் பெயரை எழுதினால், ஆட்டத்தின் அறிவிப்பில் மகளுக்குப் பதிலாக அப்பா மட்டையடிக்க வருவார்!

இன்னொரு சிக்கல் எழுத்துக்கூட்டு. வீட்டில் ஒரு விதம், பள்ளிப் பதிவேட்டில் ஒரு விதம், பிறப்புப் பத்திரத்தில் வேறு விதம். 'எச்' ஒன்று கூடியிருக்கும், 'ஏ' ஒன்று குறைந்திருக்கும். அழகாக எழுத வேண்டும் என்று திருத்தக் கூடாது. மைகார்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, பிழையோடு சேர்த்து எழுத வேண்டும். ஆட்டத்தன்று அதிகாரி அட்டையையும் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றாக இருந்தால் போதும்.

பன்னிரண்டு எண்கள் சொல்லும் கதை

அடுத்த கட்டம் அடையாள அட்டை எண். மொத்தம் 12 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடம். பினாங்கு என்றால் 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஆக, வயது, பிறப்பிடம், பால் ஆகிய மூன்றையும் ஒரே வரியில் சரிபார்த்துவிடலாம். பிள்ளைகளுக்கு 12 வயதில் மைகார்ட் கிடைத்துவிடுவதால், இடைநிலைப்பள்ளி விளையாட்டாளர் அனைவரிடமும் அது இருக்கும் என்பது எதிர்பார்ப்பு.

பள்ளி விளையாட்டில் வயதைப் பிறந்த ஆண்டை வைத்தே கணக்கிடுகிறார்கள். 2026 பருவத்தில் 15 வயதுக்குட்பட்டோர் என்றால் 2011-லும் அதற்குப் பின்னும் பிறந்தவர்கள். 2011 ஜனவரி முதல் நாள் பிறந்தவரும் டிசம்பர் கடைசி நாள் பிறந்தவரும் ஒரே பிரிவுதான். அந்த வயதில் ஏறக்குறைய ஓராண்டு வித்தியாசம் என்பது தோளிலும் காலிலும் தெரியும். டிசம்பரில் பிறந்த தங்கை ஒருத்தி முதல் ஆண்டில் பின்தங்கினால், திறமை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவளுக்கு இன்னும் சில மாதங்கள் தேவைப்படலாம்.

வயதில் விளையாடியவர்கள்

வயதைச் சரிபார்ப்பதில் ஏன் இத்தனை கண்டிப்பு? இதற்கு வரலாறே பதில் சொல்கிறது.

2001-ஆம் ஆண்டு அமெரிக்காவில், 12 வயதுக்குட்பட்ட சிறுவர்களின் லிட்டில் லீக் பேஸ்பால் உலகத் தொடரில் டேனி அல்மோன்டே என்ற சிறுவன் புயலாகப் பந்து வீசினான். எதிரணியில் ஒருவர்கூடத் தளம் ஏற முடியாதபடி ஓர் ஆட்டத்தையே முடித்தான். நாடே கொண்டாடியது. தொடர் முடிந்த பிறகு, டொமினிக்கன் குடியரசில் இருந்த பதிவுகளைத் தோண்டிப் பார்த்தபோது அவனுக்கு 14 வயது என்று தெரியவந்தது. பிறந்த ஆண்டு 1987. கொடுத்த பத்திரத்தில் 1989. அவனுடைய குழுவின் வெற்றிகள் அனைத்தும் அழிக்கப்பட்டன. பொய்ப் பத்திரத்தைக் கொடுத்தது பெரியவர்கள். பெயர் கெட்டது சிறுவனுக்கு.

அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு, 1992-இல், நம் பக்கத்து நாடான பிலிப்பைன்ஸின் சம்போவாங்கா நகரக் குழு அதே உலகத் தொடரை வென்றது. தகுதியில்லாத ஆட்டக்காரர்களைச் சேர்த்தது தெரிந்ததும் பட்டம் பறிக்கப்பட்டு, இறுதியாட்டத்தில் தோற்ற கலிபோர்னியாவின் லாங் பீச் குழுவுக்குக் கொடுக்கப்பட்டது. வீட்டிற்குத் தோல்வியோடு போன சிறுவர்களுக்குப் பட்டம் பின்னால் வந்து சேர்ந்தது. மேடையில் நின்று கிண்ணத்தைத் தூக்கும் மகிழ்ச்சியை யாரால் திருப்பித் தர முடியும்?

அவ்வளவு தூரம் போவானேன்? 2025 செப்டம்பரில் மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கும், நம் தேசியக் குழுவுக்கு ஆடிய ஏழு வெளிநாட்டில் பிறந்த ஆட்டக்காரர்களுக்கும் ஃபிஃபா தண்டனை விதித்ததை நாம் எல்லாரும் படித்தோம். குற்றச்சாட்டு ஆட்டத்தைப் பற்றியது இல்லை, ஆவணங்களைப் பற்றியது. விவகாரம் மேல்முறையீட்டுக்கும் சென்றது. பள்ளிக் குழுவாக இருந்தாலும் தேசியக் குழுவாக இருந்தாலும், பட்டியலில் ஏறும் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் உண்மையான தாள் ஒன்று இருந்தாக வேண்டும்.

கையெழுத்துப் போடாத அம்மா

படிவத்தின் கீழே பெற்றோர் ஒப்புதலுக்கு ஒரு கோடு இருக்கும். எங்கள் குழுவில் நம் இனப் பிள்ளைகள் பாதிப் பேர் நின்றுவிடுவது அந்தக் கோட்டில்தான்.

"வெயில்ல நின்னு கறுத்துப் போயிட்டா நாளைக்கு யாரும்மா பதில் சொல்றது?" என்று ஓர் அம்மா என்னிடம் நேராகவே கேட்டார். "நானும் ஐந்து வருஷம் நின்னேன் ஆன்ட்டி, என்னைப் பாருங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பதில் எடுபடவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பிறகு டியூஷன் நேரம், எஸ்பிஎம், பேருந்து என்று உண்மையான கவலைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பயிற்சி எத்தனை மணிக்கு முடியும், யார் அழைத்து வருவார்கள் என்று தெளிவாகச் சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தார். மகள் இப்போது இடப்புறக் களத்தைக் காக்கிறாள்.

பெண் பிள்ளைகளுக்கு வாசல் சாத்தப்படுவது புதிதன்று. 1972-இல் அமெரிக்காவின் ஹோபோக்கன் நகரில் மரியா பெப்பே என்ற 12 வயதுச் சிறுமி, பையன்களோடு லிட்டில் லீக் பேஸ்பால் குழுவில் பதிந்து ஆடினாள். மூன்றே ஆட்டங்கள். அவளை நீக்காவிட்டால் உள்ளூர்க் குழுக்களின் உரிமத்தையே ரத்து செய்வோம் என்று தலைமையகம் எச்சரித்ததால் அவள் வெளியேற நேர்ந்தது. வழக்கு நடந்தது. சிறுமிகளையும் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 1974-இல் லிட்டில் லீக் தன் விதியை மாற்றியது. அதே ஆண்டில் சிறுமிகளுக்கான சாஃப்ட்பால் பிரிவையும் தொடங்கியது. மரியாவுக்கு அதற்குள் வயது தாண்டிவிட்டது. அவளால் திறந்த கதவு வழியாக மற்றவர்கள் உள்ளே போனார்கள்.

மதிப்பெண்ணில் கவலை கொண்ட பெற்றோருக்கு ஒரு தகவல். யுபியு வழியாக அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும்போது 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும், 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் கணக்கிடப்படுகிறது. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று பங்கேற்பின் படி உயர உயரப் புள்ளியும் உயரும். நல்ல தேர்ச்சி பெற்ற இருவர் ஒரே இடத்துக்குப் போட்டியிடும்போது அந்தப் பத்து விழுக்காடு சிறியதாக இருக்காது.

பெயர் ஏறாத ஒரு தங்கை

என்னை மிகவும் யோசிக்க வைத்த படிவம் ஒன்று உண்டு. கடந்த பருவத்தில் பள்ளிப் போட்டிகளுக்கு வெளியே நடந்த ஒரு பொதுப் போட்டிக்குக் குழுவைப் பதிவு செய்தோம். எல்லாருடைய மைகார்ட் நகலும் வந்துவிட்டது. எங்களின் சிறந்த பந்து வீச்சாளரான படிவம் மூன்று மாணவியிடமிருந்து மட்டும் வரவில்லை. இரண்டு முறை கேட்டேன். "மறந்துட்டேன்க்கா" என்றாள். மூன்றாம் முறை தன் பிறப்புப் பத்திரத்தை மடித்துக் கொண்டு வந்து கொடுத்தாள். குடியுரிமைக் கட்டத்தில் 'புக்கான் வார்கநெகாரா', அதாவது குடிமகன் அல்லர், என்று இருந்தது.

அவளுடைய அப்பா பினாங்கில் பிறந்த மலேசியர். அம்மா மேடானைச் சேர்ந்த தமிழர். அவள் பிறந்ததும் இங்கேதான். இருவருக்கும் கோயிலில் தாலி கட்டித் திருமணம் நடந்தது, ஊரே சாப்பிட்டது. ஆனால் சட்டப்படி பதிவு செய்தது அவளுக்கு நான்கு வயதான பிறகு. சிக்கலின் வேர் அங்கே இருக்கிறது.

1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி முஸ்லிம் அல்லாதாரின் திருமணம் பதிவு செய்யப்பட்டால்தான் செல்லும். கோயில் சடங்கு மட்டும் போதாது. பெற்றோர் சட்டப்படி மணம் புரியாத நிலையில் பிறக்கும் குழந்தை, நம் அரசமைப்புச் சட்டத்தின்படி தாயின் குடியுரிமையைப் பின்பற்றும். தாய் வெளிநாட்டவர் என்றால், தந்தை மலேசியராக இருந்தும் குழந்தைக்குக் குடியுரிமை தானாக வராது. பிறகு திருமணத்தைப் பதிந்தாலும் நிலைமை தானாக மாறிவிடுவதில்லை. அரசமைப்பின் 15A பிரிவின் கீழ், சிறப்புச் சூழ்நிலை என்று விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும்.

அந்தப் பிரிவு 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு என்று எழுதப்பட்டது. 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசமைப்புத் திருத்தம் அந்த வயது வரம்பை 18 ஆகக் குறைக்கிறது. படிவம் மூன்றில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு இதன் பொருள் என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு ஆண்டுகள் இருப்பதாக நினைத்த குடும்பத்துக்கு மூன்று ஆண்டுகளே மிஞ்சுகின்றன.

போட்டி ஏற்பாட்டாளரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினோம். மைகார்ட் இல்லாமல் பெயரை ஏற்க முடியாது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எல்லாரையும் ஒரே விதியால் அளக்க வேண்டிய இடத்தில் அவர் இருந்தார். அந்தப் போட்டி முழுவதும் அவள் சீருடை அணியாமல் எங்களோடு அமர்ந்து ஸ்கோர் எழுதினாள். ஒவ்வொரு பந்தையும் விடாமல் குறித்தாள்.

படிவத்தால் விளைந்த நன்மை ஒன்றும் உண்டு. அந்தக் கட்டம் காலியாக இருந்ததால்தான் விஷயம் ஆசிரியர்களின் கண்ணில் பட்டது. ஆலோசனை ஆசிரியர் பெற்றோரை அழைத்துப் பேசினார். அப்பா ஒரு நாள் விடுப்பு எடுத்து, திருமணப் பதிவு, பிறப்புப் பத்திரம், பள்ளிக் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து ஆன்சன் சாலையில் உள்ள தேசியப் பதிவு இலாகாவுக்குப் போனார். விண்ணப்பம் உள்ளே இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. அவள் பயிற்சிக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை.

இப்படி ஒரு நிலையில் உள்ள நண்பர் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். வெட்கப்பட்டு "மறந்துட்டேன்" என்றே சொல்லிக்கொண்டிருப்பார். அவரை எல்லார் முன்னிலையிலும் கேட்காதீர்கள். நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடம் தனியாகக் கொண்டு செல்லுங்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும், குடியுரிமை விண்ணப்பங்களுக்குப் பல ஆண்டுகளாக உதவி வரும் டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா போன்ற அமைப்புகளும் வழிகாட்டுகின்றன.

இந்தப் பருவத்துக்குத் தயாராக

பள்ளித் தவணை 2026-இல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பிவிட்டதால், பயிற்சியும் பதிவும் முன்னதாகவே நெருங்கி வருகின்றன. குழுத் தலைவர்களும் உதவியாளர்களும் கவனிக்க வேண்டியவை இவை:

முதலாவது, ஆள் எண்ணிக்கை. களத்தில் ஒன்பது பேர் போதும் என்று ஒன்பது பேரை மட்டும் பதியாதீர்கள். காய்ச்சல், குடும்பத் திருமணம், தேர்வு என்று ஏதாவது வரும். குறைந்தது நான்கைந்து மாற்று ஆட்டக்காரர்கள் பட்டியலில் இருக்கட்டும். சாஃப்ட்பாலில் தொடக்க ஆட்டக்காரர் ஒருவர் வெளியேறினாலும், மட்டையடிக்கும் வரிசையில் தன் பழைய இடத்துக்கே ஒரு முறை திரும்பி வரலாம். மாற்று ஆள் இருந்தால்தான் அந்த விதி உங்களுக்குப் பயன்படும்.

இரண்டாவது, ஆவணங்கள். மைகார்ட் நகல், படம், பெற்றோர் ஒப்புதல், உடல்நல விவரம் ஆகியவற்றை ஆளுக்கு ஒரு கோப்பாகப் பிரித்து வையுங்கள். ஆஸ்துமா, ஒவ்வாமை போன்றவற்றை மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். நண்பகல் வெயிலில் ஒருவர் மயங்கி விழும்போது அந்த ஒரு வரி பெரிய உதவி செய்யும். அதே வேளையில், அடையாள அட்டைப் படங்களைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். பொறுப்பாளருக்கு மட்டும் தனியாக அனுப்பச் சொல்லுங்கள்.

மூன்றாவது, சீருடை எண். பட்டியலில் 7 என்று எழுதிவிட்டு ஆட்டத்தன்று 17 அணிந்து வந்தால் தேவையற்ற வாக்குவாதம் வரும். எண்ணை முதலில் பங்கிட்டு, பிறகு படிவத்தில் எழுதுங்கள்.

நான்காவது, பள்ளியை விட்டு வெளியே வந்த என் போன்றவர்களுக்கு. எஸ்பிஎம் முடிந்ததும் கையுறையை அலமாரியில் வைத்துவிடுகிறோம். நண்பர்கள் சேர்ந்து ஒரு மன்றம் தொடங்கலாம். 1997-ஆம் ஆண்டின் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்படி, விளையாட்டு அமைப்புகள் விளையாட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். அமைப்புச் சட்டமும் செயலவையும் கணக்கும் இருக்க வேண்டும். வேலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் பதிவு பெற்ற மன்றம், திடலுக்கும் நிதிக்கும் விண்ணப்பிக்கும்போது தன் பெயரிலேயே பேச முடியும்.

ஐந்தாவது, தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு வந்திருக்கும் புகுமுக, படிவம் ஒன்று தம்பி தங்கைகளுக்கு. பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் நீங்கள் வேறு வேறு பள்ளிகளுக்குப் பிரிந்து போகிறீர்கள். புதிய இடம், புதிய மொழி, தெரியாத முகங்கள். முதல் மாதத்தில் விளையாட்டுக் குழுவுக்கு ஆள் தேடி அறிவிப்பு வரும். அப்போது கை தூக்குங்கள். மட்டை பிடித்ததே இல்லையே என்று தயங்க வேண்டாம். அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் பயிற்சி. பெயரைக் கொடுக்க வேண்டியது மட்டும் நீங்கள்தான், அதுவும் கடைசித் தேதிக்கு முன்.